மிதக்கும் வல்லத்தின் எடைக்கு இணை விசை எது?

தொண்டிக்கு அருகிலுள்ள கடற்கரை ஊர் ஒன்றில் பதினோராம் வகுப்புப் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "நங்கூரம் போட்டு நிற்கும் வல்லம் என்னும் மீன்பிடிப் படகைப் புவி கீழே இழுக்கிறது. கடல்நீர் அதே வல்லத்தை மேலே தாங்குகிறது. இரண்டும் அளவில் சமம், திசையில் எதிர். ஆகவே எடை வினை, மிதப்பு விசை எதிர்வினை என்று எழுதினேன். மதிப்பெண் கிடைக்கவில்லை. இது ஏன் தவறு? மேலும், ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்றால் இரண்டும் கழிந்து போகாதா? பிறகு, கரையில் நின்று இழுக்கும் கரைவலை எப்படித்தான் கரைக்கு வருகிறது?"

தம்பி, உங்கள் விடைக்கு மதிப்பெண் தராதது சரியே. ஆயினும் அது கவனக்குறைவால் நேர்ந்த தவறு அன்று. நானே பாடம் நடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்து, "புத்தகத்தின் எடை வினை, மேசை தரும் விசை எதிர்வினை" என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து, "மேசையைச் சற்றுச் சாய்த்தால் எடை நேர் கீழேதான் இருக்கும், மேசை தரும் விசை சாய்ந்துவிடுமே, அப்போது எதிர்வினை எதிர்த்திசையில் இல்லையே சார்" என்றாள். அன்று மாலை வரை எனக்கு விடை கிடைக்கவில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியில் பிழை இல்லை, நான் இணை சேர்த்த விதத்தில்தான் பிழை என்பது பிறகுதான் விளங்கியது.

நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் மூன்றாம் விதியை இரண்டு பகுதிகளாகச் சொல்கிறார். ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை எப்போதும் உண்டு என்பது முதற்பகுதி. நாம் மனப்பாடம் செய்வது இதை மட்டுமே. இரு பொருள்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசைகள் எப்போதும் சமமாகவும் எதிர்த்திசையிலும் இருக்கும் என்பது அதை விளக்கும் இரண்டாம் பகுதி. வகுப்பறையில் இந்த இரண்டாம் பகுதி உதிர்ந்துவிடுவதால்தான், சமமாகவும் எதிராகவும் தென்படும் எந்த இரண்டு விசைகளையும் பிடித்து இணை என்று எழுதிவிடுகிறோம். "ஒன்றன்மீது ஒன்று" என்ற சொற்களில்தான் விதியின் உயிர் இருக்கிறது. இணையில் உள்ள இரண்டு விசைகளும் ஒரே பொருளின்மேல் ஒருபோதும் செயற்படுவதில்லை. ஒன்று முதற்பொருளின்மேல் செயற்பட்டால் மற்றது இரண்டாம் பொருளின்மேல் செயற்படும். நீங்கள் எழுதிய எடையும் மிதப்பு விசையுமோ இரண்டுமே வல்லத்தின்மேல் செயற்படுபவை. இந்த ஒரு காரணமே அவற்றை இணை அல்ல என்று சொல்லப் போதும்.

அப்படியானால் உண்மையான இணைகள் எவை? எஞ்சின், வலை எல்லாம் சேர்த்து வல்லத்தின் நிறை 1,200 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். புவி வல்லத்தைக் கீழ்நோக்கி 11,760 நியூட்டன் விசையால் ஈர்க்கிறது. அதற்கு இணை, வல்லம் புவியை மேல்நோக்கி அதே 11,760 நியூட்டன் விசையால் ஈர்ப்பது. இது ஓர் இணை. நீர் வல்லத்தின் அடிப்பகுதியை மேல்நோக்கி 11,760 நியூட்டன் விசையால் தள்ளுகிறது. அதற்கு இணை, வல்லம் நீரைக் கீழ்நோக்கி 11,760 நியூட்டன் விசையால் தள்ளுவது. இது வேறோர் இணை. ஆக, இங்கே இருப்பவை நான்கு விசைகள், இரண்டு இணைகள். கடல் அலையின்றிக் கிடக்கும்போது நான்குக்கும் ஒரே எண் வந்துவிடுவதால், எதை எதனோடு சேர்த்தாலும் சரிபோலத் தோன்றுகிறது. குழப்பத்தின் வேர் அந்த ஒரே எண்தான்.

எண்கள் பிரியும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் எது உண்மையான இணை என்பது தெரியும். ஓர் அலை வல்லத்தின் அடியில் புகுந்து அதை மேல்நோக்கி 0.5 மீட்டர்/விநாடி² முடுக்கத்தில் தூக்குவதாகக் கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் நீர் வல்லத்தின்மேல் செலுத்தும் விசை 11,760 அன்று, 12,360 நியூட்டன். எடையோ மாறாமல் 11,760 நியூட்டனாகவே இருக்கிறது. நீங்கள் இணை என்று எழுதிய இரண்டும் இப்போது சமமில்லை. ஆனால் வல்லம் நீரைத் தள்ளும் விசையைக் கணக்கிட்டால் அதுவும் 12,360 நியூட்டன். வல்லம் புவியை ஈர்க்கும் விசை 11,760 நியூட்டன். உண்மையான இணைகள் அலையிலும் சமம், அமைதியிலும் சமம். மூன்றாம் விதியில் "எப்போதும்" என்று வருவது இந்தப் பொருளில்தான். அமைதியான கடலில் எடையும் மிதப்பு விசையும் சமமாக இருந்ததற்குக் காரணம் மூன்றாம் விதி அன்று. வல்லத்துக்கு முடுக்கம் இல்லை, ஆகவே அதன்மேல் செயற்படும் நிகர விசை சுழி என்கிற இரண்டாம் விதிதான் அந்தச் சமத்தைத் தருகிறது. அதே வல்லத்தை மணலுக்கு இழுத்து ஏற்றிவிட்டால் நீரின் விசை முழுவதும் போய்விடுகிறது, எடை மட்டும் அப்படியே இருக்கிறது. ஓர் இணையில் ஒன்று போனால் மற்றதும் அக்கணமே போயாக வேண்டும். ஒன்று போய் ஒன்று நிற்குமானால் அவை இணையாக இருந்ததே இல்லை.

வல்லம் புவியை ஈர்க்கிறது என்று எழுத மாணவர்கள் தயங்குவதை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். இத்தனை பெரிய புவியை இந்தச் சிறு மரமா இழுக்கும் என்று மனம் ஒப்பாது. நம் பக்கத்துப் பனையிலிருந்து ஒரு கிலோ எடையுள்ள பழம் 12 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்றால், பழம் புவியை நோக்கி வருவதுபோலவே புவியும் பழத்தை நோக்கி நகர்கிறது. விசை இருவருக்கும் ஒன்றே. புவியின் நிறை ஏறத்தாழ 6 × 10²⁴ கிலோகிராம் என்பதால் அது நகரும் தொலைவு 2 × 10⁻²⁴ மீட்டர்தான். ஒரு புரோட்டானின் குறுக்களவைப் பல கோடிக் கூறுகளாக்கினாலும் ஒரு கூறு இதைவிடப் பெரிதாகவே இருக்கும். ஆகவே நம் கண்ணுக்குத் தெரிவது பழத்தின் பாதி மட்டும். இணையின் மறுபாதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக வேண்டுமானால் பழத்துக்குப் பதில் நிலவை வையுங்கள். புவி நிலவை ஈர்க்கும் விசை ஏறத்தாழ 2 × 10²⁰ நியூட்டன், நிலவு புவியை ஈர்ப்பதும் அதே அளவு. அந்த இழுப்பால் புவியின் மையமே, இரண்டுக்கும் பொதுவான நிறை மையத்தைச் சுற்றி, சுமார் 4,700 கிலோமீட்டர் ஆரத்தில் மாதந்தோறும் வட்டமிடுகிறது.

குழப்பத்துக்குச் சொற்களும் ஒரு காரணம் என்பது என் கருத்து. "எதிர்வினை" என்று கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது, ஒருவர் ஏதோ செய்ய, மற்றவர் பிறகு அதற்குப் பதில் செய்வது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பழமொழியில்கூட விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே ஒரு பருவம் இருக்கிறது. இயற்பியலின் இணையில் அந்த இடைவெளி இல்லை. இரண்டு விசைகளும் ஒரே கணத்தில் தோன்றி, ஒன்றாக வளர்ந்து, ஒன்றாக மறைபவை. எதை வினை என்றும் எதை எதிர்வினை என்றும் அழைப்பது முழுக்க நம் விருப்பம். இன்னொரு சொல் இதைவிடத் தொல்லை தருவது. ஒரு தளம் தன்மேல் உள்ள பொருளைச் செங்குத்தாகத் தள்ளும் விசையைச் "செங்குத்து எதிர்விசை" என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. பெயரிலேயே "எதிர்" இருப்பதால் அது எடைக்கு எதிர்வினை என்று மாணவர் எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை. உண்மையில் அது பொருள் தளத்தை அழுத்துவதற்கு இணை, எடைக்கு அன்று. "செங்குத்து விசை" என்று மட்டும் எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

சொல் ஒரு பக்கம் குழப்பினாலும், தமிழ் வாக்கிய அமைப்பு இங்கே நமக்குப் பெருந்துணை. விசை எதுவாயினும் அதை "எது, எதை" என்ற இரண்டும் தெரியும்படி முழு வாக்கியமாக எழுதுங்கள். எழுவாய் விசையைச் செலுத்துவது, இரண்டாம் வேற்றுமை ஏற்று வருவது விசைக்கு உட்படுவது. பேச்சில் நாம் எழுவாயை எளிதாக விட்டுவிடுவோம். "கனக்கிறது", "இழுக்கிறது", "தாங்குகிறது" என்று சொன்னாலே கேட்பவருக்குப் புரிந்துவிடும். இணை தேடும்போது அந்தச் சுருக்கம் உதவாது. "எடை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புவியும் ஒளிந்திருக்கிறது, பொருளும் ஒளிந்திருக்கிறது. அதை விரித்துப் "புவி வல்லத்தை ஈர்க்கிறது" என்று எழுதிய பிறகு, எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றுங்கள். "வல்லம் புவியை ஈர்க்கிறது" என்று வரும். இணை கிடைத்துவிட்டது. வினைச்சொல்லைத் தொடக்கூடாது. ஈர்ப்பதற்கு இணை ஈர்ப்பதுதான், தள்ளுவதற்கு இணை தள்ளுவதுதான். ஈர்ப்பு விசைக்கு இணையாக ஒரு தொடு விசை வரவே முடியாது என்ற விதிமுறை இந்த மாறாத வினைச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இப்போது உங்கள் விடையை இதே வடிவில் எழுதிப் பாருங்கள்: "புவி வல்லத்தை ஈர்க்கிறது, நீர் வல்லத்தைத் தள்ளுகிறது." புவி, நீர், வல்லம் என்று மூன்று பெயர்கள் வந்துவிட்டன, வினைச்சொல்லும் மாறிவிட்டது. ஓர் இணையில் இரண்டு பெயர்களுக்கு மேல் இடமில்லை.

வல்லம் நீரைக் கீழே தள்ளுகிறது என்பதை நம்ப முடியவில்லை என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். மின்னணுத் தராசு ஒன்றின்மேல் பாதியளவு நீருள்ள வாளியை வையுங்கள், அளவு 5 கிலோ என்று காட்டட்டும். ஒரு கல்லை நூலில் கட்டி, வாளியின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நீருக்குள் முழுதும் இறக்கிப் பிடியுங்கள். கல்லின் கன அளவு 200 மில்லி லிட்டர் என்றால் தராசு 5.2 கிலோ காட்டும். கல்லைத் தாங்குவது உங்கள் கை, கல் வாளியைத் தொடவும் இல்லை. பிறகு அந்த 200 கிராம் எங்கிருந்து வந்தது? நீர் கல்லை 200 கிராம் எடைக்குச் சமமான விசையால் மேலே தள்ளுகிறது, கல் நீரை அதே விசையால் கீழே தள்ளுகிறது, தராசு அந்தக் கீழ்நோக்கிய பாதியைத்தான் காட்டுகிறது. இராமேசுவரத்தில் தொட்டி நீரில் மிதக்கவிட்டுக் காட்டுகிறார்களே, உள்ளே காற்றறைகள் நிறைந்த கற்கள், அவற்றில் 3 கிலோ கல் ஒன்றை இந்த வாளியில் மிதக்கவிட்டால் தராசு முழுசாக 3 கிலோ கூடுதலாகக் காட்டும். மிதப்பதால் எடை குறைந்துவிட்டது என்பது பேச்சு வழக்கு மட்டுமே.

பாம்பனில் இன்னொரு பொறி இருக்கிறது. 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தின் நடுவே 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல் வரும்போது கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரம்வரை மேலே தூக்கப்படுகிறது. அத்தனை கனத்தையும் மோட்டார்களே தூக்க வேண்டியதில்லாதபடி, கோபுரங்களின் உச்சியில் உருளும் வடங்களின் மறுமுனைகளில் எதிர் எடைகள் தொங்குகின்றன. தூக்கப்படும் பகுதியின் எடையும் எதிர் எடையும் ஏறத்தாழச் சமம், பெயரிலும் "எதிர்" இருக்கிறது, ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. இவை வினை எதிர்வினை இணையா? எது, எதை என்று கேளுங்கள். புவி பாலப்பகுதியை ஈர்க்கிறது, புவி எதிர் எடையை ஈர்க்கிறது. இரண்டும் கீழ்நோக்கியவையே. பொறியாளர்கள் திட்டமிட்டு அளந்து வைத்ததால் சமமாயின, எதிர் எடையில் கொஞ்சம் குறைத்து வைத்திருந்தால் சமமாக இருந்திருக்காது. மனிதர் அமைப்பால் வந்த சமம் மூன்றாம் விதியின் சமம் ஆகாது.

இனிக் கரைவலை. இந்தக் கேள்வி நம் கடற்கரைக்கே உரியதாகத் தோன்றினாலும், மிகப் பழையது. நியூட்டனே தம் விதியை விளக்கும்போது, கயிற்றில் கட்டிய கல்லைக் குதிரை இழுத்தால் கல்லும் குதிரையை அதே அளவு பின்னோக்கி இழுக்கும் என்று எழுதுகிறார். அதைப் படித்த எவருக்கும், அப்படியானால் கல் எப்படி நகரும் என்ற ஐயம் எழும். உங்கள் ஐயமும் அதுதான்.

கழிதல் என்பதைக் கணக்கு வழக்கில் பாருங்கள். நீங்கள் கடைக்காரரிடம் நூறு ரூபாய் கொடுத்தால் உங்கள் கணக்கில் நூறு பற்று, அவர் கணக்கில் நூறு வரவு. இரண்டும் சமம், எதிர். அதனால் உங்கள் பையில் பணம் குறையவே இல்லை என்று யாராவது சொல்வார்களா? பற்று ஒருவர் ஏட்டிலும் வரவு மற்றவர் ஏட்டிலும் இருப்பதால் அவை கழிவதில்லை. விசைகளும் அப்படியே. ஒரு பொருள் எப்படி நகரும் என்று அறிய வேண்டுமானால் அந்தப் பொருளின் ஏட்டை மட்டும் திறக்க வேண்டும், அதன்மேல் செயற்படும் விசைகளை மட்டும் கூட்ட வேண்டும். உங்கள் பாடத்தில் வரும் தனித்த பொருளின் விசைப்படம் என்பது இந்த ஏடுதான். இணையின் இரண்டு பாதிகளும் ஒரே விசைப்படத்தில் வந்துவிட்டால் படம் தவறு என்று தயங்காமல் அடித்துவிடலாம்.

கரைவலையில் ஏடுகள் பல. படகு வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு, இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். முதலில் வலையின் ஏட்டைத் திறப்போம். கயிறுகள் வலையைக் கரைப்பக்கம் இழுக்கின்றன, நீர் வலையைக் கடற்பக்கம் தடுக்கிறது. கயிறுகளின் இழுப்பு சற்றே மிகுந்திருக்கும் தொடக்கத்தில் வலை முடுக்கம் பெற்று நகரத் தொடங்குகிறது. நகர்ந்து சீரான வேகம் வந்த பிறகு இரண்டும் சமமாகிவிடுகின்றன. இந்தச் சமத்தைக் கண்டு இணை என்று எழுதிவிடாதீர்கள், இரண்டும் வலையின்மேல் செயற்படுபவை. சமமான பிறகும் வலை வருவது ஏன் என்றால், நிகர விசை சுழியானால் இயக்கம் நின்றுவிடும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. வேகம் மாறாது என்பது மட்டுமே விதி.

அடுத்து, இழுப்பவர்களின் ஏடு. ஒரு வரிசையில் இருபது பேர், ஆளுக்கு 200 நியூட்டன் என்று இழுத்தால் அவர்கள் கயிற்றை 4,000 நியூட்டன் விசையால் கரைப்பக்கம் இழுக்கிறார்கள். அதே கணத்தில் கயிறு அவர்களை 4,000 நியூட்டன் விசையால் கடற்பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்புக்கு அவர்கள் ஏன் கடலுக்குள் போய்விடவில்லை? காலடியைக் கவனியுங்கள். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்சாய்ந்து நிற்கும் ஒவ்வொருவரின் காலும் மணலைக் கடற்பக்கம் தள்ளுகிறது. காலடியில் பள்ளம் விழுந்து, மணல் கடலை நோக்கிக் குவிந்து கிடப்பதே அதற்குச் சான்று. கால் மணலைக் கடற்பக்கம் தள்ளுவதற்கு இணை, மணல் காலைக் கரைப்பக்கம் தள்ளுவது. அந்த விசைதான் இழுப்பவர்களைக் கரைநோக்கி நடத்துகிறது. வலையைக் கரைசேர்ப்பதில் கையின் பங்கைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், மணலின் பங்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாசி படர்ந்த வழுக்குப் பாறையில் அதே இருபது பேரை நிறுத்தி இழுக்கச் சொன்னால், கையில் எத்தனை பலம் இருந்தாலும் அவர்கள்தான் கடற்பக்கம் சறுக்குவார்கள்.

கயிற்றின் இரண்டு முனைகளைப் பற்றியும் ஒரு சொல். இழுப்பவர் கயிற்றை இழுக்கும் விசையும், வலை கயிற்றை இழுக்கும் விசையும் இணை என்று பலர் எழுதுகிறார்கள். அவையும் இணை அல்ல. இரண்டும் கயிற்றின்மேல் செயற்படுபவை. கணக்குகளில் கயிற்றை நிறையற்றது என்று எடுத்துக்கொள்வதால் அவை சமமாக வருகின்றன. நீர் ஊறி மணலில் உரசிக்கொண்டு வரும் உண்மையான கரைவலைக் கயிற்றில் அவை சமமாக இருப்பதில்லை, கை இழுக்கும் முனையில் விசை கூடுதலாகவே இருக்கும்.

பற்றும் வரவும் கழியும் இடமும் ஒன்று உண்டு. நீங்களும் கடைக்காரரும் ஒரே குடும்பம், ஒரே ஏடு என்றால் நூறு ரூபாய் கைமாறியதால் குடும்பச் சொத்து மாறுவதில்லை. வல்லத்துக்குள் உட்கார்ந்துகொண்டு அதன் முன்முனையான அணியத்தை எத்தனை பலமாகத் தள்ளினாலும் வல்லம் பயணப்படாது. நீங்களும் வல்லமும் ஒரே அமைப்பு, இணையின் இரண்டு பாதிகளும் அந்த அமைப்புக்குள்ளேயே கழிந்துவிடுகின்றன. நகர வேண்டுமானால் அமைப்புக்கு வெளியே உள்ள ஒன்றைத் தள்ள வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த இடங்களில் கம்பை ஊன்றித் தள்ளும்போது கடலடித் தரை அந்த வெளிப்பொருள். துடுப்புக்கும் எஞ்சினின் விசிறிக்கும் நீர் வெளிப்பொருள். விசிறி நீரைப் பின்னோக்கித் தள்ளுகிறது, நீர் விசிறியை முன்னோக்கித் தள்ளுகிறது. கொந்தளிப்பில் பின்பகுதி மேலெழும்பி விசிறி நீரைவிட்டு வெளியே வந்துவிட்டால், அது வெறிகொண்டு சுழன்று அலறுமே தவிர உந்துதல் இருக்காது, தள்ளுவதற்கு நீர் இல்லை. கணவாய் மீன் உடற்கூட்டுக்குள் நீரை நிரப்பிக் குழல் வழியே பீய்ச்சி எதிர்ப்பக்கம் பாய்வதும் இதே இணைதான். அங்கே தள்ளப்படும் பொருள் தன்னிடமிருந்தே வெளியேறும் நீர். ராக்கெட்டுக்கும் அதே வழி. வெற்றிடத்தில் தள்ளுவதற்குக் காற்று இல்லையே, ராக்கெட் எப்படிப் போகும் என்று 1920இல் ஓர் அமெரிக்க நாளிதழ் எள்ளி எழுதிற்று. ராக்கெட் தள்ளுவது வெளிக்காற்றை அன்று, தன் எரிவளிமத்தை. நிலவுக்கு மனிதர் புறப்பட்ட 1969இல் அந்த இதழ் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது.

பெரியது சிறியதை மோதும்போது பெரியதுதான் கூடுதல் விசை செலுத்தும் என்பது மிகப் பிடிவாதமான நம்பிக்கை. 20 டன் விசைப்படகு அரை டன் வத்தை என்னும் சிறு படகு ஒன்றில் உரசிவிட்டால் வத்தைதான் நொறுங்குகிறது, ஆகவே அதன்மேல்தான் விசை அதிகம் என்று தோன்றும். இரண்டின்மேலும் விசை ஒன்றே. நிறை நாற்பது மடங்கு குறைவாக இருப்பதால் வத்தை பெறும் முடுக்கம் நாற்பது மடங்கு, அதன் பலகையும் அத்தனை உறுதியற்றது. விசை சமம் என்று மட்டும்தான் விதி சொல்கிறது, விளைவு சமம் என்று சொல்லவில்லை.

தொடாமல் இழுக்கும் விசைகளுக்கும் இதே விதி பொருந்துமா என்ற ஐயம் நியூட்டனுக்கும் இருந்திருக்க வேண்டும், அதனால்தான் அவர் செய்து பார்த்தார். காந்தக் கல்லையும் இரும்பையும் தனித்தனிக் கலங்களில் வைத்து, அசையாத நீரில் ஒன்றை ஒன்று தொடும்படி மிதக்கவிட்டார். காந்தம் இரும்பை இழுப்பதைவிட இரும்பு காந்தத்தைக் குறைவாக இழுக்குமானால், ஒட்டிக்கொண்ட இரண்டு கலங்களும் சேர்ந்து ஒரு பக்கமாக ஓடத் தொடங்க வேண்டும். அவை ஓடவில்லை, ஒன்றையொன்று அழுத்தியபடி நின்றுவிட்டன. தெர்மாகோல் துண்டுகள் இரண்டில் ஒரு காந்தத்தையும் ஓர் ஆணியையும் வைத்து, காற்று வீசாத அறையில் ஓர் அகன்ற பாத்திரத்து நீரில் நீங்களும் இதைச் செய்யலாம். ஒட்டுவதற்கு முன் அவை ஒன்றையொன்று நோக்கி வருவதையும் கவனியுங்கள். காந்தம் கனமாக இருந்தால் ஆணித்துண்டு விரைந்து வரும், காந்தத்துண்டு மெல்ல வரும், ஆனால் இரண்டுமே வரும்.

உங்கள் கேள்வியில் நங்கூரம் போட்ட வல்லம் என்று எழுதியிருந்தீர்கள், நங்கூரத்தைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நீரோட்டம் வல்லத்தை வடக்கே தள்ளுவதாகவும் நங்கூரக் கயிறு அதைத் தெற்கே இழுத்துப் பிடிப்பதாகவும் கொள்வோம். வல்லம் நிற்பதால், கிடைத்திசையில் இரண்டும் சமம், எதிர். இப்போது இவற்றை இணை என்று எழுத மாட்டீர்கள். நீரோட்டம் வல்லத்தைத் தள்ளுவதற்கு இணை வல்லம் நீரோட்டத்தைத் தள்ளுவது, வல்லத்தின் முகப்பில் நீர் பிளந்து சலசலப்பது அதனால்தான். கயிறு வல்லத்தை இழுப்பதற்கு இணை வல்லம் கயிற்றை இழுப்பது. அங்கிருந்து கயிறும் நங்கூரமும் ஓர் இணை, நங்கூரமும் கடலடிச் சேறும் ஓர் இணை என்று அது தரைவரை போகும். இரவில் கயிறு அறுந்துவிட்டால், கயிறும் வல்லமும் கொண்டிருந்த இணை இரண்டு பக்கமும் ஒரே கணத்தில் இல்லாமல் போகிறது. நீரோட்டத்தின் தள்ளல் மட்டும் வல்லத்தின்மேல் அப்படியே இருக்கிறது. விடியும்போது வல்லம் வடக்கே எங்கோ ஒதுங்கிக் கிடப்பது அதனால்தான்.